கிழிந்த பையும் ஒரு பாட்டிலும்

மெல்போர்ன் விமான நிலையத்தின் ட்யூட்டி ஃப்ரீ கடைக்குள் அந்த அம்மாள் மூன்று முறை நுழைந்தார். முதல் முறை சாக்லெட் வாங்க வந்தவர் போல் ஒரு பாவனை. இரண்டாம் முறை சென்ட் பாட்டில்களை முகர்ந்து பார்த்துவிட்டு வெளியே வந்தார். மூன்றாம் முறை யாரையும் பார்க்காமல் நேராக விஸ்கி அடுக்குகளின் முன்னால் போய் நின்றார். வயது எழுபது. நாக்பூர்வாசி. 46 வருட மணவாழ்க்கையில் மதுபாட்டிலைக் கையால் தொட்டதில்லை.

தொட்டதில்லை என்பது முழு உண்மையல்ல. வீட்டில் அரிசி டிரம்முக்குப் பின்னால் எப்போதும் ஒரு ரம் பாட்டில் இருக்கும். தூசி தட்டும்போது அதை எடுத்து ஓரமாக வைப்பார். வேலை முடிந்ததும் இருந்த இடத்திலேயே, லேபிள் இருந்த திசையிலேயே திரும்ப வைத்துவிடுவார். கணவர் ரயில்வேயில் எஞ்சின் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அரக்கோணத்திலிருந்து வேலைக்காக வந்து நாக்பூரிலேயே தங்கிவிட்ட ஆயிரக்கணக்கான ரயில்வே தமிழர்களில் ஒருவர். பணியில் இருந்த காலத்தில் வண்டி ஓட்ட வேண்டிய நாளில் வாசனைகூடப் பிடித்ததில்லை. ஓய்வுக்குப் பிறகும் சனிக்கிழமை இரவு மட்டும்தான், அதுவும் இரண்டு பெக். மனைவிக்குத் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அல்லது, தெரியும் என்பது தனக்குத் தெரியாதது போல் இருந்தார். நம் வீடுகள் பலவற்றில் இந்த ஏற்பாடு இருக்கிறது. அரை நூற்றாண்டுக்குக்கூடத் தாங்கும்.

அந்த வீட்டு ஷோகேஸில் ஒரு காலி ஸ்காட்ச் பாட்டிலும் உண்டு. என்றோ ஒரு அதிகாரி வீட்டு விருந்தில் காலியானது. கணவர் அதைக் கேட்டு வாங்கி வந்து தண்ணீர் ஊற்றி மணி பிளான்ட் வைத்தார். செடி வளர்ந்து கம்பியில் ஏறிவிட்டது. பாட்டிலை மட்டும் அவர் மாற்றவில்லை. அதில் இருந்தது எப்படி இருந்திருக்கும் என்று வாழ்நாளில் ஒரு முறைகூட வாய்விட்டுச் சொன்னதும் இல்லை.

மகளின் பிரசவத்துக்காக ஆஸ்திரேலியா போய் ஆறு மாதம் இருந்துவிட்டுத் திரும்பும் வழியில், அந்த அம்மாள் கடையில் மூன்று முறை நுழைந்ததற்கு இதுதான் காரணம். ஊர் போய்ச் சேர்ந்த நான்காம் நாள் கணவருக்கு 75 வயது முடிகிறது. கையில் இருந்தது காலனிப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்துச் சேர்த்த ட்யூஷன் காசு. அதை டாலராக மாற்றிக்கொண்டு போயிருந்தார். மகளிடம்கூடச் சொல்லவில்லை.

ஒரு லிட்டர் பாட்டில். கல்லாவில் இருந்த இளம்பெண் போர்டிங் பாஸைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். நடுவே ஒரு விமான நிலையத்தில் வண்டி மாற வேண்டும், பிறகு மும்பை, அங்கிருந்து நாக்பூர். அந்தப் பெண் பாட்டிலை ஒரு தடித்த கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பையில் போட்டு, ரசீதையும் வெளியே தெரியும்படி உள்ளேயே வைத்து, வாயை ஒட்டி மூடினார். பையைச் சுற்றிலும் சிவப்பு விளிம்பு. அதில் ஆங்கிலத்தில் பொடி எழுத்துகள். அந்தப் பெண் வேகமாக ஏதோ சொன்னார். அம்மாள் 'தேங்க் யூ' என்றார்.

சிக்கல் அங்கே ஆரம்பித்தது. பை பளிங்கு மாதிரி இருந்தது. உள்ளே இருப்பது எட்டடி தூரத்திலேயே தெரிந்தது. விமானம் ஏறும் வாசலில் நாலைந்து தமிழ்க் குடும்பங்கள். கோயிலில் பார்த்துப் பேசிய ஒரு தம்பதி "என்னம்மா, ஊருக்கா?" என்று நெருங்கி வந்துகொண்டிருந்தார்கள். அம்மாள் விடுவிடென்று கழிப்பறைக்குப் போனார். பையைத் திறக்கப் பார்த்தார். முடியவில்லை. பல்லால் கடித்துக் கிழித்தார். பாட்டிலைப் பேத்தியின் பழைய சுவெட்டரில் சுற்றி, கல்யாண வீட்டில் கொடுத்த மஞ்சள் பைக்குள் இறக்கினார். கிழிந்த பிளாஸ்டிக் பையை எறிந்துவிடவில்லை. நல்ல கெட்டியான கவர். நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

நம் ஊரில் பாட்டிலுக்கு உடுப்பு உண்டு. கடைக்காரரே பழைய செய்தித்தாளில் சுற்றித்தான் கொடுப்பார். வாங்கியவர் இடுப்பிலோ ஸ்கூட்டர் பெட்டியிலோ மறைத்துக்கொள்வார். பார்வையில் படாமல் இருப்பதுதான் மரியாதை. விமான நிலையத்தின் நியாயம் நேர் எதிரானது. வெளியே தெரியும் வரைதான் அங்கே பாட்டிலுக்கு மதிப்பு.

அந்தச் சிவப்பு விளிம்புப் பைக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. வரி இல்லாமல் மது விற்கும் விமான நிலையக் கடை 1947ல் அயர்லாந்தின் ஷானனில் பிறந்தது. அட்லான்டிக் கடலைத் தாண்டும் விமானங்கள் எரிபொருளுக்காக அங்கே இறங்கும். காத்திருக்கும் பயணி ஒரு நாட்டைவிட்டுக் கிளம்பிவிட்டவர், இன்னொரு நாட்டுக்குள் நுழையாதவர். அவரிடம் எந்த நாடு தீர்வை வசூலிக்க முடியும்? இந்தக் கேள்வியிலிருந்து முளைத்ததுதான் இன்று உலகெங்கும் பளபளக்கும் கடைகள். பல பத்தாண்டுகளுக்கு அந்த பாட்டிலைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் சுங்கத்துறையினர் மட்டுமே. எத்தனை பாட்டில், எவ்வளவு தீர்வை என்பதோடு அவர்கள் வேலை முடிந்துவிடும். பாட்டிலுக்குள் இருப்பது மதுதானா என்று யாரும் கேட்டதில்லை.

கேட்டிருக்க வேண்டும். 1987 நவம்பர் 29ம் தேதி பாக்தாத்திலிருந்து சியோலுக்குக் கிளம்பிய கொரியன் ஏர் விமானத்தில் தந்தையும் மகளும் போல நடித்த இரண்டு வட கொரிய உளவாளிகள் ஏறினார்கள். அபுதாபியில் இறங்கிவிட்டார்கள். தலைக்கு மேலே சாமான் வைக்கும் இடத்தில் அவர்கள் விட்டுச் சென்றவை ஒரு ரேடியோவும் ஒரு மதுபாட்டிலும். ரேடியோவில் வெடிகுண்டு. பாட்டிலில் இருந்தது மது அல்ல, திரவ வெடிமருந்து. அந்தமான் கடலின் மேல் விமானம் வெடித்துச் சிதறியது. 115 பேர் இறந்தார்கள். வளைகுடாவில் கட்டட வேலை செய்துவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்த கொரியத் தொழிலாளர்கள் அதில் பெரும்பாலோர்.

உலகம் அப்போதும் பாட்டில்களைத் தடுக்கவில்லை. 1994 டிசம்பரில் மணிலாவிலிருந்து கிளம்பிய ஒரு பிலிப்பைன் ஏர்லைன்ஸ் விமானத்தில், கான்டாக்ட் லென்ஸ் கழுவும் திரவத்தின் புட்டியில் ஏறிய வெடிமருந்து ஒரு ஜப்பானியப் பயணியின் உயிரைக் குடித்தது. விமானி திறமைசாலி. சேதமடைந்த விமானத்தை ஒக்கினாவாவில் இறக்கி மற்றவர்களைக் காப்பாற்றினார். அதற்குப் பிறகும் பன்னிரண்டு வருடங்கள் போயின.

2006 ஆகஸ்ட் 10ம் தேதி விடிந்தபோதுதான் எல்லாம் மாறியது. குளிர்பான பாட்டில்களில் ஹைட்ரஜன் பெராக்சைடு கலவையை ஊற்றிக்கொண்டு, அட்லான்டிக்கைக் கடக்கும் பல விமானங்களை நடுவானில் தகர்க்கும் சதியை பிரிட்டிஷ் போலீஸார் முறியடித்தார்கள். அன்று பிரிட்டிஷ் விமான நிலையங்களில் பயணிகள் பர்ஸையும் பாஸ்போர்ட்டையும் ஒரு கண்ணாடிப் பையில் போட்டுக்கொண்டு வெறுங்கையோடு ஏற வேண்டியிருந்தது. குழந்தைக்குக் கொண்டு வந்த பாலை அதிகாரியின் முன்னால் பெற்றோர் குடித்துக் காட்ட வேண்டியிருந்தது. சில மாதங்களில் அந்த அவசரம் ஒரு விதியாக உறைந்தது. கையில் கொண்டு போகும் எந்தத் திரவமும் 100 மில்லிக்கு மேற்படாத புட்டியில்தான் இருக்க வேண்டும். அந்தப் புட்டிகள் எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் கொள்ளும் ஒரே கண்ணாடிப் பைக்குள் அடங்க வேண்டும். கணக்கு புட்டியின் கொள்ளளவுக்குத்தான். 200 மில்லி புட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் நாலு சொட்டு எண்ணெயும் குற்றவாளியே. நெய், தேன், துவையல், பற்பசை எல்லாமே இந்த விதியின் கண்ணுக்குத் திரவம்தான். இயற்பியல் ஆசிரியர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். குழந்தை உணவுக்கும் மருந்துக்கும் மட்டும் விலக்கு உண்டு.

அப்படியானால் ட்யூட்டி ஃப்ரீ கடைகள் என்ன ஆவது? சோதனையைக் கடந்த பிறகு வாங்குவதால் முதல் விமானத்துக்குப் பிரச்சினை இல்லை. வண்டி மாறும் இடத்தில் மறுபடி சோதனை. அங்கே இருக்கும் அதிகாரிக்கு, அது கடையில் வாங்கிய விஸ்கியா வீட்டில் நிரப்பிய பெராக்சைடா என்று எப்படித் தெரியும்? இதற்காகத்தான் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் ஏற்பாட்டில் அந்தப் பை வந்தது. கடைக்கு வரும் சரக்கு பாதுகாப்பு வளையத்துக்குள் வருகிறது. கடைக்காரர் கையாலேயே முத்திரை வைக்கப்படுகிறது. எங்கே, எந்தத் தேதியில் வாங்கியது என்பதை ரசீது சொல்கிறது. இன்னொரு நாட்டில் இருக்கும் முகம் தெரியாத அதிகாரிக்கு இந்த அதிகாரி எழுதும் சிபாரிசுக் கடிதம் என்று அந்தப் பையைச் சொல்லலாம். பையைத் திறந்தாலோ ஒட்டியதைப் பிரித்தாலோ அது காட்டிக்கொடுத்துவிடும். பயணம் முடியும்வரை திறக்காதே என்பதுதான் அந்தப் பொடி எழுத்துகளின் சாரம்.

எல்லா விமான நிலையங்களும் இந்தச் சிபாரிசுக் கடிதத்தை ஒரே மாதிரி மதிப்பதில்லை என்பது வேறு விஷயம். அமெரிக்காவும் ஐரோப்பிய யூனியனும் வெளிநாட்டுக் கடைகளின் முத்திரைப் பையை, கருவியில் சோதித்துப் பார்த்து, தாராளமாக ஏற்க ஆரம்பித்ததே 2014ல்தான். அதற்கு முன்னால் வண்டி மாறும் இடங்களில் குப்பைத் தொட்டிக்குப் போன ஸ்காட்ச்சுக்குக் கணக்கே கிடையாது.

அந்த அம்மாள் வண்டி மாறிய விமான நிலையத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அங்குதான் கொடுமையே. யாரும் மிரட்டவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மஞ்சள் பையைத் தனியே ஒதுக்கினார். இன்னொருவர் சுவெட்டரைப் பிரித்தார். பாட்டில் மேஜைமேல் நின்றது. பின்னால் வரிசையில் கோயில் தம்பதி. யாருக்குத் தெரியக் கூடாது என்று பையைக் கிழித்தாரோ அவர்கள் முன்னாலேயே.

"பை எங்கே, மேடம்?" என்றார் அதிகாரி.

அம்மாள் கைப்பையிலிருந்து நாலாக மடித்ததை எடுத்து நீட்டினார். அதிகாரி அதை விரித்துப் பார்த்தார். உள்ளே ரசீது அப்படியே இருந்தது. முந்தின நாள் தேதி, கடையின் பெயர், பாட்டிலின் பெயர், எல்லாம் சரி. பாட்டிலின் மூடியும் திறக்கப்படவில்லை. ஆனால் விளிம்பில் பல் பட்ட இடம் கிழிந்து தொங்கியது. அவர் தலையை ஆட்டினார். வருத்தத்தோடுதான் ஆட்டினார் என்று அம்மாள் இன்றும் சொல்கிறார். மூடி திறக்காத பாட்டில்தானே என்று சைகையில் காட்டியதற்கு, பையைச் சுட்டிக்காட்டினார். அவருக்கு பாட்டிலைத் தெரியாது. பையைத்தான் தெரியும்.

அங்கே மிச்சமிருந்த வழிகள் சொற்பம். பெட்டியில் போடலாம் என்றால் பெட்டி மெல்போர்னிலேயே போய்விட்டது, இனி மும்பையில்தான் கைக்கு வரும். வழியனுப்ப வந்தவரிடம் கொடுக்கலாம் என்றால் அந்த ஊரில் அவருக்கு யாரும் இல்லை. மேஜைக்கு அருகே ஒரு பெரிய தொட்டி. தண்ணீர் பாட்டில், ஷாம்பு, தேன் புட்டி, யாரோ ஒருவரின் அம்மா போட்டுக் கொடுத்த ஊறுகாய். அவற்றின் மேல் ஒரு லிட்டர் ஸ்காட்ச் படுத்துக்கொண்டது. சுவெட்டரையும் மஞ்சள் பையையும் திருப்பிக் கொடுத்தார்கள்.

விதி தவறு என்று சொல்ல முடியாது. அந்தமான் கடலில் விழுந்த 115 பேர் சொல்ல விட மாட்டார்கள். ஆனால் அந்த விதி தன்னைச் சொல்லிக்கொள்ளும் விதம் சரியல்ல. கொட்டை எழுத்தில், பயணி படிக்கும் மொழியில் எழுதியிருக்க வேண்டியதைப் பையின் ஓரத்தில் பொடி ஆங்கிலத்தில் அச்சடித்துவிட்டுக் கடமை முடிந்தது என்கிறார்கள். ஒரே விமானத்தில் ஏறி ஒரே விமானத்தில் இறங்குகிறவருக்கு இது எதுவும் தேவையில்லை. டில்லிக்காரரும் மும்பைக்காரரும் பையைக் கிழித்தாலும் ஒன்றும் ஆகாது. இரண்டு, மூன்று விமானம் மாறித்தான் வீடு சேர முடியும் என்கிற நாக்பூர்க்காரர், ராஞ்சிக்காரர், மதுரைக்காரர் தலையில்தான் இது விழுகிறது. அவர்களில் பலருக்கு அது முதல் வெளிநாட்டுப் பயணமாகவும் இருக்கும்.

இந்தியாவுக்குள் வந்த பிறகும் கதை முடிவதில்லை. சுங்கத்துறை ஒரு பயணிக்கு இரண்டு லிட்டர் மதுவைத் தீர்வையில்லாமல் அனுமதிக்கிறது. வெளிநாட்டில் வாங்கியதும் இங்கே இறங்கியவுடன் வாங்குவதும் சேர்த்துத்தான் அந்த இரண்டு லிட்டர். முதலில் இறங்கும் விமான நிலையத்திலேயே பெட்டியை எடுத்துச் சுங்கத்தைக் கடந்துவிட வேண்டும். அதன் பிறகு உள்நாட்டு விமானம். அங்கே பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு போராடாமல் பெட்டிக்குள் வைத்து மறுபடி ஒப்படைத்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். பெட்டியிலும் விமானக் கம்பெனிகளுக்குக் கணக்கு உண்டு. 24 முதல் 70 சதவீதம்வரை ஆல்கஹால் உள்ளவை தலைக்கு ஐந்து லிட்டர், அதுவும் கடையில் வாங்கிய மூடி திறக்காத பாட்டிலாக. 70 சதவீதத்தைத் தாண்டினால் அது மதுவல்ல, எரிபொருள் என்பது அவர்கள் கட்சி. பெட்டியில்கூட இடம் இல்லை.

எந்த ஊருக்குப் போகிறோம் என்பதும் முக்கியம். சுங்கத்துறை புன்னகையோடு அனுமதித்த அதே பாட்டில் பாட்னாவில் இறங்கினால் குற்றம். பீகாரில் 2016 ஏப்ரலிலிருந்து முழு மதுவிலக்கு. குஜராத்தில் அந்த மாநிலம் பிறந்த நாளிலிருந்தே மதுவிலக்கு; வெளியூர்க்காரர் பர்மிட் வாங்கிக்கொள்ளலாம். வளைகுடாவிலிருந்து பீகார் திரும்பும் தொழிலாளி கடையில் சென்ட்டும் பால் பவுடரும் வாங்குவதற்கு பக்தி மட்டும் காரணமல்ல. ஏன், நாக்பூருக்கு அடுத்த மாவட்டமான வர்தாவிலேயே, காந்திஜியின் சேவாகிராமம் இருக்கும் காரணத்தால், மது விற்கக் கூடாது. நாக்பூரில் விற்கலாம். ஆனால் 1949ம் வருடச் சட்டப்படி மகாராஷ்டிரத்தில் குடிப்பதற்குப் பர்மிட் வேண்டும். அந்த எஞ்சின் டிரைவர் அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்தது மனைவியிடமிருந்து மட்டுமல்ல என்று வாதாட இடம் இருக்கிறது.

மும்பை விமானத்தில் அம்மாளின் பக்கத்து இருக்கையில் செம்பூரில் பிறந்து வளர்ந்த ஒரு இளைஞர். கப்பல் கட்டும் இடத்தில் வேலை. சாப்பாடு வந்தபோது அம்மாள் தொடவில்லை. "உடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டார். முன்பின் தெரியாதவரிடம் சில விஷயங்களைச் சொல்வது சுலபம். அம்மாள் முழுக் கதையையும் சொன்னார், அரிசி டிரம் உட்பட. இளைஞர் சிரிக்கவில்லை. அவரிடமும் ஒரு கதை இருந்தது. முதல் வருடம் அக்காவுக்கு வாங்கிய தைல டப்பாக்களை இதே மாதிரி ஒரு தொட்டியில் போட்டிருக்கிறார்.

"விடுங்கம்மா. மும்பைல இறங்கினதும் ஒரு கடை இருக்கு. பெட்டி வர்ற பெல்ட்டுக்கு முன்னாடியே. அங்க வாங்கி அப்படியே பெட்டிக்குள்ள வெச்சிடலாம்."

இறங்கும் பயணிகளுக்கான அந்தக் கடை இந்தியாவின் பெரிய விமான நிலையங்களில் எல்லாம் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தியதும், பெட்டிக்குக் காத்திருக்கும் நேரத்தில், எதிரிலேயே. இது தெரிந்தவர்கள் சிட்னியிலிருந்தோ சிகாகோவிலிருந்தோ பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வருவதே இல்லை. தெரியாதவர்கள்தான் பத்தாயிரம் கிலோமீட்டர் மடியில் வைத்துச் சுமக்கிறார்கள்.

அம்மாள் கடை வாசலில் நின்றார். இருந்த டாலரெல்லாம் போய்விட்டது. மகள் பழக்கிக் கொடுத்திருந்த வங்கி கார்டு இருந்தது. அதில் இருந்ததும் ட்யூஷன் காசுதான். இந்த முறை மூன்று தடவை நுழையவில்லை. முதல் தடவையே நேராகப் போனார். அதே பாட்டில் அங்கே இல்லை. பக்கத்தில் இருந்ததைக் காட்டி இளைஞரிடம் "இது நல்லா இருக்குமா தம்பி?" என்று கேட்டார். அவர் "நல்லாவே இருக்கும்" என்றார். கடைக்காரர் இங்கும் பையில் போட்டு ஒட்டினார். கோயில் தம்பதி பெல்ட் அருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மாள் மறைக்கவில்லை. எட்டடி தூரத்திலிருந்து தெரியும்படியே பையைக் கையில் பிடித்துக்கொண்டு பெட்டிக்காகக் காத்து நின்றார்.

பெட்டி வந்ததும் இரண்டு பட்டுப் புடவைகளுக்கு நடுவே பாட்டிலை வைத்துப் பூட்டினார். இனிமேல் முத்திரைக்கு வேலை இல்லை, பையைப் பிரித்துவிட்டு வைத்தால் இடம் மிச்சமாகும் என்று இளைஞர் சொன்னார். அம்மாள் கேட்கவில்லை. முத்திரை முத்திரையாகவே இருக்கட்டும் என்றார். ஒரு லிட்டர்தான், சுங்கத்தில் யாரும் நிறுத்தவில்லை. உள்நாட்டு விமானத்துக்குப் பெட்டியை ஒப்படைக்கும் கவுன்டர்வரை இளைஞர் தள்ளுவண்டியோடு வந்தார்.

இந்த விதி இப்போது தேய்ந்துகொண்டிருக்கிறது. பெட்டிக்குள் இருக்கும் திரவம் எப்படிப்பட்டது என்று ஆஸ்பத்திரி ஸ்கேன் போலச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்துச் சொல்லும் கருவிகள் வந்துவிட்டன. 2024ல் பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் அவற்றை நம்பி விதியைத் தளர்த்தினார்கள், பிறகு சந்தேகம் வந்து மறுபடி இறுக்கினார்கள். 2025ல் எடின்பரோ போன்ற சில விமான நிலையங்கள் இரண்டு லிட்டர் பாட்டில்வரை கையில் கொண்டு போக அனுமதிக்க ஆரம்பித்தன. பயணிக்கு இதனால் குழப்பம்தான் கூடியிருக்கிறது. கிளம்பும் இடத்தில் சரி என்பது மாறும் இடத்தில் சரியாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒரு பயணத்தின் மிகக் கடுமையான சோதனைச் சாவடி எதுவோ, அதன் விதிதான் அந்தப் பயணத்தின் விதி.

நாக்பூரில் கணவர் விமான நிலையத்துக்கு வந்திருந்தார். வீடு வந்து, குளித்து, பேத்தியின் படங்களையெல்லாம் பார்த்து முடித்த பிறகு அம்மாள் பெட்டியைத் திறந்தார். புடவையை விலக்கி, சிவப்பு விளிம்புப் பையை அப்படியே எடுத்துக் கணவர் கையில் கொடுத்தார். பிறந்த நாளுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. அதுவரை காத்திருக்க அவரால் முடியவில்லை.

கணவர் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மனைவியின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. கடைசியில் கேட்டார்.

"எவ்வளவு ஆச்சு?"

"ரெண்டு பாட்டில் காசு."

அவருக்குப் புரியவில்லை. அம்மாள் கைப்பையிலிருந்து நாலாக மடித்த இன்னொரு பையை எடுத்துப் போட்டார். பல் பட்ட கிழிசலும் மெல்போர்ன் ரசீதும் அப்படியே இருந்தன. கதையைக் கேட்டு முடித்தபோது அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு பாட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்தார். வருடக்கணக்கான பழக்கம், கால்கள் தாமாகவே சமையலறைப் பக்கம் திரும்பின.

"அங்க வேணாங்க" என்றார் அம்மாள். "ஷோகேஸ்ல வையுங்க. மணி பிளான்ட் பக்கத்துல."